முக்கால் கோடிக்கு ஐந்தே நிறம்: டெல்டாக்காரர் எதை எடுப்பது?

திருபுவனத்தில் என் சித்தப்பாவுக்குப் பட்டுச் சேலைக் கடை. பச்சை வேண்டும் என்று யாராவது வந்து உட்கார்ந்தால், "எந்தப் பச்சைம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, மாந்துளிர் என்று ஒவ்வொன்றாகப் பாயில் வந்து விழும். அப்பேர்ப்பட்ட மனிதர் போன தை மாதம், முப்பத்தைந்து வருஷக் கடைக்கு அப்புறம், ஒரு ஜெர்மன் கார் வாங்கிவிடுவது என்று சென்னைக்குக் கிளம்பினார். துணைக்கு நான். ஷோரூமில் இருந்த பையன் டேப்லெட்டை நீட்டினான். வெள்ளை, கறுப்பு, வெள்ளி, சாம்பல், கருநீலம்.

"வேற?"

"சாம்பல்லயே ரெண்டு ஷேட் இருக்கு சார்."

சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "முக்கால் கோடிடா தம்பி. எண்ணூறு ரூபா சேலைக்கே நான் முப்பது கலர் காட்டுறேன்" என்றார்.

அன்று எதையும் முடிக்காமல் ஊர் திரும்பினோம். அதற்கப்புறம் இரண்டு மாதம் இதுவே வேலையாக அலைந்தோம். கார் வைத்திருப்பவர்கள், பெயின்ட் பட்டறைக்காரர்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் என்று பலரிடம் பேசினோம். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இப்படிக் கார் வாங்க நினைப்பவர் யாராவது இருந்தால், அவர் முன்னால் உள்ள வழிகள் என்னென்ன, நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் எது தாங்கும் என்று எழுதி வைக்கிறேன். கார் வாங்கச் சொல்லிக் கொடுக்கும் வீடியோக்கள் எல்லாம் மும்பையிலும் பெங்களூரிலும் எடுத்தவை. அவற்றில் உமிச் சாம்பலும் மயிலும் வராது.

ஏன் இந்தப் பஞ்சம்?

நிறம் குறைவாக இருப்பது கார் உலகத்துக்குப் புதிதில்லை. ஃபோர்டின் மாடல் டி கார் முதலில் பல நிறங்களில் வந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும்தான். ஓடும் வரிசையில் கார் செய்கிற வேகத்துக்கு ஒரே நிறம்தான் வசதி. 1920-களின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்ற சீக்கிரம் உலரும் பெயின்ட் வந்த பிறகுதான் நிறங்கள் திரும்பி வந்தன.

இன்றைக்குக் காரணம் வேறு. காரின் தகட்டின்மேல் நான்கு அடுக்கு இருக்கிறது. முதலில் உடலையே தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் துருக்காப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாலும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான்தான் வரும், ஒன்றிரண்டு தலைமுடிக் கனம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குழாய், தனித் தொட்டி. உள்ளே பெயின்ட் உறையாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புது நிறம் என்றால் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் வெயிலில் போட்டு வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக். அது வேறு இடத்தில் பெயின்ட் ஆகி வரும்போது பக்கத்துத் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு நிறத்தைப் பட்டியலில் சேர்ப்பது இவ்வளவு செலவு.

ஆனால் இது பாதிக் காரணம்தான். சின்னக் கார்களைப் பாருங்கள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் ஆரஞ்சு, செந்நீலம், கூரை மட்டும் கறுப்பான சிவப்பு என்று ஏழெட்டு லட்சம் ரூபாய் வண்டிகள் வரிசையாகப் போகும். அதே ஆலை நுட்பம்தான் அங்கேயும். பெரிய கார் வாங்குகிறவருக்குத்தான் பயம் அதிகம். நாளைக்கு விற்கும்போது யார் வாங்குவான் என்ற பயம். உலகம் முழுக்க ஓடும் புதுக் கார்களில் சுமார் முக்கால் பங்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி என்று பெயின்ட் நிறுவனங்கள் வருஷா வருஷம் கணக்குச் சொல்கின்றன. டீலரும் இதைப் பார்த்துத்தான் சரக்கு எடுக்கிறார். விலை போகாத கலரில் முக்கால் கோடியை முடக்கி வைக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

சித்தப்பா இதைக் கேட்டதும் தலையாட்டினார். அவர் கடையிலும் முகூர்த்த நாளுக்கு முன்னால் அரக்கும் மாம்பழ மஞ்சளும்தான் கட்டுக்கட்டாக வரும்.

முதல் வழி: இருக்கிற சரக்கில் ஒன்று

வெள்ளி, கருநீலம் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். பெரும்பாலோர் வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றுக்குள்தான் மல்லுக்கு நிற்கிறார்கள்.

வெள்ளைக்கு முதல் வாதம் வெயில். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 2011-ல் ஒரு கறுப்புக் காரையும் அதே மாடல் வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்பின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகக் கொதித்தது. உள்ளே காற்றில் வித்தியாசம் 5 முதல் 6 டிகிரி. வெள்ளையும் வெள்ளியைப் போல வெயிலைத் திருப்பி அடிக்கும் நிறம்தான். சித்திரை மாதம் மகாமகக் குளக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து கதவைத் திறந்தவர்களுக்கு இந்த ஆறு டிகிரியின் அருமை தெரியும். ஏசி சமாளித்துவிடும் என்பார்கள். சமாளிக்கும், ஆனால் சாமிமலை தாண்டிய பிறகு.

இரண்டாவது, கண்ணில் படுவது. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் காரோடு ஒப்பிட்டால் பகலில் விபத்தில் சிக்கும் வாய்ப்பு கறுப்புக்கு 12 சதவீதம், சாம்பலுக்கு 11, வெள்ளிக்கு 10, நீலத்துக்கும் சிவப்புக்கும் 7 சதவீதம் கூடுதல் என்று வந்தது. அந்தி நேரத்தில் கறுப்புக்கு இன்னும் மோசம். மாசி மாத மாலையில் நீடாமங்கலம் பக்கம் போனவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம். பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர், ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் நெல், எதிரே லைட்டை இறக்காத மினி லாரி. நாம் மற்றவரைப் பார்ப்பது இருக்கட்டும், மற்றவர் நம்மைப் பார்க்க வேண்டுமே.

வெள்ளையின் குறை? கிராமத்துப் பக்கம் பெரிய வெள்ளை வண்டி வந்தால் எல்லோரும் முதலில் கொடி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இன்னொன்று, வெள்ளை இரண்டு வகை. சாதா வெள்ளை, முத்து வெள்ளை. சாதா வெள்ளையில் கீறல் விழுந்தால் தஞ்சாவூரிலேயே நல்ல பட்டறைக்காரர் ஒப்பேற்றிவிடுவார். முத்து வெள்ளையில் அடி நிறத்துக்கு மேல் மைக்காத் துகள் கலந்த இன்னொரு படலம் இருக்கிறது. அது எத்தனை கை ஓடியது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கதவு ஒன்றில் அடி பட்டால் பக்கத்துக் கதவையும் ஃபெண்டரையும் சேர்த்துத்தான் பூசி இழுக்க வேண்டும், அப்போதும் சாயங்கால வெயிலில் காட்டிக்கொடுக்கும். காசு கூடுதலாகக் கொடுத்து முத்து வெள்ளை எடுப்பதற்கு, காசில்லாமல் வரும் சாதா வெள்ளை எடுப்பது மேல் என்பது என் கட்சி.

கறுப்பு. ராத்திரி கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் செட் வெளிச்சத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றால் அதற்கு ஈடு கிடையாது. இதை ஒப்புக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன். சித்தி, "கறுப்பு சனீஸ்வரனுக்கு உகந்த நிறம், வேண்டாம்" என்றார். "அவர் திருநள்ளாறுல நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தானே, பார்த்துக்குவார்" என்றார் சித்தப்பா. என் பயம் சனீஸ்வரன் இல்லை, உமி.

சித்தப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ரைஸ் மில். பாய்லரில் எரிப்பது உமி. காலையில் எழுந்து பார்த்தால் மொட்டை மாடி, துளசி மாடம், துவைத்துப் போட்ட வேட்டி எல்லாவற்றிலும் மெல்லிய கரும் பொடி உட்கார்ந்திருக்கும். உமி எரிந்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு. அந்தக் காலத்தில் உமிக்கரியால் பல் துலக்கியதும் அதன் தேய்க்கும் குணத்தால்தான். இந்தப் பொடி படிந்த காரை டிரைவர் காலையில் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கிளியர் கோட்டின்மேல் உப்புத்தாள் போட்ட மாதிரி. ஒரு இழுப்பில் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தெருவிளக்கின் கீழ் நிறுத்திப் பாருங்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல் வட்டக் கீறல்கள். அறுவடைக் காலத்தில் காற்றில் வரும் சுணையும் இதே வேலையைத்தான் செய்யும். கீறல் எல்லா நிறத்திலும்தான் விழுகிறது. வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அப்புறம் போர் தண்ணீர். கடலோரம் நெருங்க நெருங்க உப்பு கூடுகிறது. வெயிலில் கழுவி ஈரத்தோடு விட்டால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். கறுப்பு பானட்டில் அது அம்மைத் தழும்பு.

மயிலை மறக்கக் கூடாது. இப்போது ஊருக்கு ஊர் மயில். பளபளக்கும் கறுப்பு, கருநீலக் காரில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஆண் மயில் வந்துவிட்டது என்று கொத்த ஆரம்பித்துவிடும். பாபநாசத்தில் ஒரு நண்பர் வீட்டுக் காரைக் காட்டினார். ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்தில், அரிசி அளவுக்குப் பதினேழு குழி. எண்ணிப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடத்தில் பிரைமர் வரை போயிருந்தது. இன்சூரன்ஸ்காரரிடம் 'மயில் கொத்தியது' என்று எழுதிக் கொடுக்க அவருக்கே வெட்கமாக இருந்ததாம்.

சாம்பல்தான் இந்த ஊருக்கு ஏற்ற நிறம் என்று சொன்னால் சப்பென்று இருக்கும். ஆனால் உண்மை அதுதான். தூசி தெரியாது, உப்புக் கறை தெரியாது, வட்டக் கீறல் பாதி தெரியாது. ஐப்பசி மழையில் வண்டல் சேறு அடித்தாலும் மறுநாள் வரை மரியாதையாக நிற்கும். குறை என்றால் மேகமூட்டத்தில் ரோட்டோடு ரோடாகக் கரைந்துவிடும். பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டினால் அதற்கும் பாதி மருந்து. சாம்பலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மினுக்குத் துகள் கலந்தது. இன்னொன்று ஆடி (Audi) கம்பெனியின் நார்டோ கிரே மாதிரி துகளே இல்லாமல் வழவழவென்று இருக்கும் சாம்பல். இத்தாலியில் கார் ஓட்டிப் பார்க்கும் தளம் ஒன்றின் பெயர் அது. இளைஞர்களுக்கு உயிர். சித்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், பிரைமரோட நிறுத்திட்டானா?" என்று கேட்டார். அதோடு அந்தச் சாம்பல் முடிந்தது.

இரண்டாவது வழி: பட்டியலில் உண்டு, கையில் இல்லை

ஷோரூம் டேப்பில் காட்டியது அவர்களிடம் அன்றைக்கு இருந்த சரக்கு. கம்பெனியின் இந்தியப் பட்டியல் வேறு. இதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி இணையதளத்தில் நம் மாடலைப் போட்டுப் பார்த்தபோது, டேப்பில் இல்லாத இரண்டு நிறங்கள் அங்கே இருந்தன. ஒன்று பசுமை ஓடிய நீலம், இன்னொன்று காபிக் கொட்டை நிறம். இரண்டுக்கும் கூடுதல் காசு இல்லை.

போன் போட்டுக் கேட்டால், "அது ஆர்டர் போடணும் சார், நாலஞ்சு மாசம் ஆகும். வெள்ளை இந்த வாரமே எடுத்துக்கலாம், ஆஃபரும் இருக்கு" என்றார்கள். அந்த ஆஃபர் எதற்கு என்று யோசித்தால் புரியும். முற்றத்தில் நிற்கும் வண்டிக்குத்தான் ஆஃபர். நின்ற ஒவ்வொரு நாளும் டீலருக்கு வட்டி.

சரி, ஆர்டர் போட்டால் ஏன் அவ்வளவு நாள்? இந்தியாவில் விற்கும் ஜெர்மன் கார்களில் பெரும்பாலானவை பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்படுகின்றன. பி.எம்.டபிள்யூ.வுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் 2007 முதல் ஆலை இருக்கிறது. மெர்சிடிசுக்குப் புனே அருகே சாக்கன், ஆடிக்கு ஔரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்). முழுதாக இறக்குமதி செய்தால் சுங்க வரி தலைக்கு மேல் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. பாகங்கள் தொகுதி தொகுதியாக வருகின்றன. நாம் கேட்ட நிறம் அடுத்த தொகுதிக் கணக்கில் சேர வேண்டும். சித்தப்பாவுக்கு இதைப் புரியவைக்கச் சிரமமே இல்லை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றினால் அதில் வரும் சேலைக்கெல்லாம் பாவு நிறம் ஒன்றுதான். நடுவில் ஒருத்தர் வந்து எனக்கு மட்டும் வேறு நிறம் என்றால், அடுத்த பாவு வரை உட்கார வேண்டியதுதான்.

காத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. நடுவில் விலை ஏறினால் யார் தலையில்? பழைய மாடல் போய்ப் புது மாடல் வந்தால்? இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். நிறத்தின் பெயரோடு கம்பெனியின் நிறக் குறியீட்டு எண்ணையும் புக்கிங் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். 'புளூ' என்று மட்டும் எழுதிய படிவத்தோடு வேறு நீலத்தில் வண்டி வந்து நின்ற கதை ஒன்று எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது வழி: தனி நிறம்

காசு ஒரு பொருட்டில்லை என்றால் கதவு திறக்கிறது. பி.எம்.டபிள்யூ. இண்டிவிஜுவல், மெர்சிடிஸின் மனுஃபக்டூர், ஆடி எக்ஸ்குளூசிவ் என்று ஒவ்வொருவரிடமும் தனிப் பட்டியல் உண்டு. போர்ஷேயில் 'பெயின்ட் டு சாம்பிள்' என்று நூற்றுக்கும் மேல் நிறம், பழைய மாடல்களின் நிறத்தைக்கூடக் கேட்டு வாங்கலாம். ரோல்ஸ் ராய்ஸ் தன்னிடம் 44,000 நிறம் இருப்பதாகச் சொல்கிறது. சித்தப்பா அதைக் கேட்டு, "ஸ்டாக் எங்க வைப்பான்?" என்றார்.

விஷயம் என்னவென்றால், இந்தத் தனி நிறங்கள் எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. முழுதாக இறக்குமதி ஆகும் பெரிய வண்டிகளுக்கு எளிது. இங்கே பூட்டப்படும் செடானுக்கு, நாங்கள் விசாரித்தவரை, ஒன்றிரண்டுதான். அதற்கும் லட்சக்கணக்கில் தனி விலை. அந்த விலையோடும் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். நிறத்துக்குக் கொடுக்கிற தொகையும் காரின் விலைக்குள் போய்விடுவதால், மூன்று லட்ச ரூபாய் நிறத்துக்கு அறுபதாயிரம் வரி தனி. அத்தனையும் போட்டு எடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து விற்கப் போனால் அந்த மூன்று லட்சத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. விற்பதற்கே வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர், கதவைத் திறக்கும்போதெல்லாம் மனசு குளிர வேண்டும் என்று நினைப்பவர், அவருக்கு இது வீண் செலவில்லை.

நான்காவது வழி: ஒட்டுவது

எங்களுக்கு அதிகம் சிபாரிசு செய்யப்பட்டது இதுதான். ஏதோ ஒரு வெள்ளையை ஆஃபரில் எடு, மேலே பிடித்த நிறத்தில் படலம் ஒட்டு. இதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று வினைல் ராப், சுமார் 100 மைக்ரான் கனம், நிறத்துக்கு மட்டும். இன்னொன்று பி.பி.எஃப். என்கிற தடித்த பாலியூரித்தேன் படலம், 150 முதல் 200 மைக்ரான். இது கல்லடியையும் கீறலையும் தாங்கும், சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறைந்துவிடும். முன்பு கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் மட்டும் வந்தது, இப்போது நிறத்தோடும் வருகிறது.

முதல் நாள் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். ரவிக்கை வேறு கலரில் வெளியே தெரிவது மாதிரி என்று சித்தி சொன்னார். பானட், கூரை, டிக்கி ஆகிய மூன்றும் வானத்தைப் பார்த்துக் கிடப்பவை என்பதால் நம் வெயிலில் அங்கேதான் வினைல் முதலில் வெளுக்கும், ஓரம் சுருளும். காலம் கடந்து உரித்தால் பசை பெயின்ட்டிலேயே தங்கிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வெளியூரில் ஒரு கடையில் ஒட்டினார். விளிம்பை வெட்டுகிறேன் என்று பையன் பிளேடைக் கார் மேலேயே ஓட்டியிருக்கிறான். மூன்று வருஷம் கழித்து உரித்தபோது கதவு ஓரமெல்லாம் தலைமுடி போலக் கோடு.

சட்டத்தையும் பாருங்கள். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஸ்டிக்கர்தானே' என்று விட்டுவிட்டு, விபத்து என்று வரும்போது ஆர்.சி.யில் வெள்ளை, ரோட்டில் பச்சை என்று நின்றால் பேச்சு வளரும். ராணுவப் பச்சை ஒட்ட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-ஆம் விதி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே என்கிறது. மற்ற பச்சைகளுக்குத் தடை இல்லை.

நிறமில்லாத பி.பி.எஃப். வேறு விஷயம். அது நிறத்தை மாற்றாது, ஆர்.சி. தொல்லை இல்லை, உமிச் சாம்பலையும் மயிலையும் அது வாங்கிக்கொள்ளும். எந்த நிறம் எடுத்தாலும் டெல்டாவில் அதற்கு ஒதுக்கும் காசு நியாயமான காசு.

புதுக் காருக்கு முழுசாக வேறு பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஒரே பத்தி போதும்: வேண்டாம். ஆலையில் வெறும் உடலாக இருக்கும்போது 140 டிகிரியிலும் அதற்கு மேலும் சுட்டெடுக்கிறார்கள். பட்டறையில் வயர், பிளாஸ்டிக், சீட் எல்லாம் இருக்கும் வண்டியை 60 டிகிரிக்கு மேல் சூடேற்ற முடியாது. பழைய கார் வாங்க வருகிறவர் கையில் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் இருக்கும். நூற்றுச் சொச்சம் காட்ட வேண்டிய இடத்தில் முந்நூறு காட்டினால், வண்டி எங்கேயோ உருண்டிருக்கிறது என்றுதான் நினைப்பார். பிடித்த நிறத்தில் மூன்று வருஷப் பழைய கார் தேடுவது அதைவிடப் புத்திசாலித்தனம். பாதி விலைக்கு வரும். ஆனால் சித்தப்பாவுக்குப் பழையது என்ற பேச்சே ஆகாது.

என்ன செய்தோம்

நான் சொன்னது சாம்பல். எழுதிக் காட்டினேன், மார்க் போட்டுக்கூடக் காட்டினேன். சித்தப்பா கேட்டுக்கொண்டார். மாசிக் கடைசியில் மறுபடி சென்னைக்குப் போனபோது அவர் பையில் ஒரு துணித் துண்டு இருந்தது. மயில்கழுத்து. பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், மடித்துச் சாய்த்தால் இன்னொன்று. பட்டியலில் இருந்து கையிருப்பில் இல்லாத அந்தப் பசுமை ஓடிய நீலத்தின் தகட்டு மாதிரி ஒன்றை, எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்கள், உள்ளங்கை அளவு. சித்தப்பா அதை வாசலுக்கு எடுத்துப் போனார். உள்ளே குழல் விளக்கில் நிறம் பார்ப்பது அவர் வழக்கமில்லை. வெயிலில் தகட்டின் பக்கத்தில் துணியைப் பிடித்து இரண்டையும் சேர்த்தே திருப்பினார். பெயின்ட்டுக்குள் கிடக்கும் அலுமினியத் துகள் நேரே பார்க்கையில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், சாய்த்தால் அடங்கும். தகடு பச்சையிலிருந்து நீலத்துக்கு இறங்கியது. துணியும் இறங்கியது.

"இது ஊடையும் பாவும்தான்" என்றார். ஷோரூம் பையனுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான்.

இரண்டாவது வழி. கூடுதல் காசு இல்லை, நிறக் குறியீட்டு எண் படிவத்தில், விலை ஏறினால் பழைய விலையே என்று மின்னஞ்சலில். பதினாறு வாரம் என்றார்கள், இருபத்தொரு வாரம் ஆனது. நடுவில் மூன்று முறை, "வெள்ளை ஒண்ணு வந்திருக்கு சார்" என்று போன் வந்தது. வந்த அன்றே நிறமில்லாத பி.பி.எஃப். ஒட்டினோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. கழுவுவதற்கு முன்னால் தண்ணீரை அடித்துப் பொடியை இறக்கிவிட்டுத்தான் துணி தொட வேண்டும் என்று டிரைவருக்குப் பாடம் எடுத்தேன். போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

வண்டி வந்த ஆறாம் நாள் காலையில் மதில் மேல் மயில் ஒன்று உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாம். சித்தப்பா அன்றைக்கே கும்பகோணம் போய்க் காருக்கு உறை வாங்கி வந்துவிட்டார். இப்போது வெளியூர் போகிற நாள் தவிர வண்டி உறைக்குள்தான் நிற்கிறது. கடையில் அந்த உறை ஒரே நிறத்தில்தான் கிடைத்தது. சாம்பல்.